பாயும் சட்டம்

கேள்வி: எங்கள் ஏரியாவில் வழிப்பறி செய்துகொண்டிருந்தவன் மேல் குண்டர் சட்டம் பாய்ந்த பிறகுதான் நிம்மதியாக இருக்கிறோம். உடனே தனிமனித சுதந்திரம், மனித உரிமை என்று ஒரு கூட்டம் கிளம்பிவிடுகிறது. தப்பு செய்யாதவனையா போலீஸ் பிடிக்கும்? ஓர் அரசாங்கத்துக்கு இந்தக் கண்டிப்புகூட இருக்கக் கூடாதா?
(ஒரு வாசகர், திருப்பூர்)

பதில்: உங்கள் நிம்மதி எனக்குப் புரிகிறது. நைட் ஷிஃப்ட் முடிந்து கம்பெனியிலிருந்து திரும்புகிற பெண்ணின் கழுத்தில் கை வைத்துச் செயினை அறுக்கிறவன் மேல் எனக்கும் இரக்கம் இல்லை. ஆனால் உங்கள் கேள்வியில் ஒரு சொல் என்னை மேலே படிக்கவிடவில்லை. 'பாய்ந்த' என்று எழுதியிருக்கிறீர்கள்.

இந்தச் சொல்லோடு எனக்குப் பல வருடத்துச் சண்டை. எங்கள் அலுவலகத்துக்கு வரும் செய்தி எதிலாவது 'மூன்று பேர் மீது குண்டர் சட்டம் பாய்ந்தது' என்று இருந்தால் அடித்துவிட்டு, 'தடுப்புக் காவலில் வைக்கப்பட்டனர்' என்று மாற்றுவேன். மறுநாள் எல்லா நாளிதழிலும் 'பாய்ந்தது' என்றுதான் இருக்கும். 'பாயும் என எச்சரிக்கை' என்று இன்னொரு செய்தியும் பக்கத்திலேயே இருக்கும்.

தமிழில் புலி பாயும். கட்டிப்போடாத நாய் பாயும். வாடிவாசலைத் திறந்தால் காளை பாயும். சட்டம் எதற்குப் பாய வேண்டும்? அது நடந்து வர வேண்டியது. புகார், விசாரணை, குற்றப்பத்திரிகை, சாட்சி, குறுக்கு விசாரணை, தீர்ப்பு என்று ஒவ்வொரு படியாக ஏறி வர வேண்டியது. இந்தச் சட்டம் படி ஏறுவதில்லை. ஒரே தாவாகத் தாவிவிடுகிறது. அதனால்தான் அந்தச் சொல் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. ஒரு வகையில் நிருபர்கள் உண்மையைத்தான் எழுதுகிறார்கள்.

எப்படிப் பாய்கிறது என்று பாருங்கள். இது 1982-ஆம் ஆண்டின் 14-ஆவது சட்டம். மாவட்டமென்றால் கலெக்டர், மாநகரமென்றால் போலீஸ் கமிஷனர். அவர் கையெழுத்துப் போட்டால் ஒருவரை ஓராண்டு வரை உள்ளே வைக்கலாம். எந்த நீதிபதி முன்னாலும் குற்றத்தை நிரூபிக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் அந்த ஆள் ஏற்கெனவே ரிமாண்டில் இருப்பார். ஜாமீன் கிடைத்துவிடும் என்ற நேரம் பார்த்து உத்தரவு சிறைக்கே போய்ச் சேரும். காவலில் வைத்தது சரியா என்று பார்க்க அறிவுரைக் கழகம் என்று ஒன்று இருக்கிறது. ஆனால் அங்கே வக்கீல் வைத்து வாதாட உரிமை கிடையாது.

முதலில் இது கள்ளச்சாராயம், போதைப்பொருள், ரவுடித்தனம், குடிசைப் பகுதி நில அபகரிப்பு போன்றவற்றுக்காக வந்தது. 2004-இல் திருட்டு விசிடியைச் சேர்த்தார்கள். மணல் கடத்தலும் பட்டியலில் ஏறியது. 2014-இல் சைபர் குற்றமும் பாலியல் குற்றமும் சேர்ந்தன. நமக்கு எதன்மேல் கோபம் வந்தாலும் பட்டியலில் ஒரு பெயர் கூடும், நாம் கைதட்டுவோம். மணலைச் சேர்த்தபோது நானும் வரவேற்றேன். அது தவறு என்று இப்போது நினைக்கிறேன்.

ஏனென்றால் பாய்கிற மிருகத்துக்கு ஆள் அடையாளம் தெரியாது. 2017 மே மாதம் மெரினாவில் ஈழத்தில் இறந்தவர்களுக்கு நினைவேந்தல் நடத்தப் போன மே 17 இயக்கத்தின் திருமுருகன் காந்தி மீதும், அவரோடு போனவர்கள் சிலர் மீதும் இதே சட்டம்தான் ஏவப்பட்டது. ஜூலையில் சேலத்தில் துண்டுப் பிரசுரம் கொடுத்த ஒரு மாணவி மீதும் இதே சட்டம். செப்டம்பரில் உயர் நீதிமன்றம் இந்த உத்தரவுகளை ரத்து செய்தது. உள்ளே கழிந்த நாட்களை எந்த உத்தரவு திருப்பிக் கொடுக்கும்?

இதில் சென்னைக்கு ஒரு பழைய பங்கு உண்டு. அரசியல் சட்டம் 1950 ஜனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்தது. அடுத்த மாதமே தடுப்புக் காவல் சட்டமும் வந்துவிட்டது. மலபார் அப்போது சென்னை மாகாணத்தில் இருந்ததால், அங்கத்திய கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் சென்னைச் சிறையில் இருந்தார். அவர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். ஆறு நீதிபதிகள் விசாரித்து, மே மாதம் தீர்ப்புச் சொன்னார்கள். நாடாளுமன்றம் முறைப்படி ஒரு சட்டம் போட்டுவிட்டால் போதும், அது நியாயமான சட்டமா என்று நீதிமன்றம் பார்க்க வேண்டியதில்லை என்பது பெரும்பான்மையின் கருத்து. குற்றச்சாட்டைச் சொல்ல வேண்டும், பதில் சொல்ல விட வேண்டும், நடுநிலையான ஒருவர் விசாரிக்க வேண்டும், இவை இல்லாவிட்டால் அதற்குச் சட்ட முறை என்றே பெயரில்லை என்று ஃபசல் அலி என்ற ஒரு நீதிபதி தனியாக நின்று எழுதினார். அவர் சொன்ன பக்கம் உச்ச நீதிமன்றம் திரும்ப 28 ஆண்டுகள் ஆயின. 1978-இல், மேனகா காந்தியின் பாஸ்போர்ட்டைப் பறித்த வழக்கில்தான் அது நடந்தது. இடையில் நெருக்கடி நிலை வந்து போனதையும், அப்போது காவலில் வைக்கப்பட்டவர்கள் நீதிமன்றத்தை நாட முடியாது என்று உச்ச நீதிமன்றத்தின் மற்ற நீதிபதிகள் சொல்ல, நீதிபதி கன்னா மட்டும் மறுத்துத் தனியாளாக நின்றதையும் நீங்கள் அறிவீர்கள்.

சரி, தடுப்புக் காவலுக்கு அரசியல் சட்டத்திலேயே இடம் இருக்கிறது, 22-ஆவது பிரிவு. மறுக்கவில்லை. இடம் இருக்கிறது என்பதற்காகத் தினமும் அந்த வழியாகவே போக வேண்டுமா?

'தப்பு செய்யாதவனையா போலீஸ் பிடிக்கும்' என்று கேட்கிறீர்கள். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் செல்போன் கடை வைத்திருந்த ஒரு தந்தையையும் மகனையும் பிடித்தார்கள். ஊரடங்கு நேரத்தைத் தாண்டிக் கடையைத் திறந்து வைத்திருந்தார்கள் என்பது புகார். நாலைந்து நாளில், ஒருவர் பின் ஒருவராக இருவரும் இறந்துபோனார்கள். அது வேண்டாம், வாரா வாரம் வரும் ஒரு புகைப்படத்தைச் சொல்கிறேன். கையில் புது மாவுக்கட்டு, பக்கத்தில் இரண்டு காவலர்கள், கீழே 'தப்பியோட முயன்றபோது வழுக்கி விழுந்தார்'. அதைப் பார்த்து நாம் சிரிக்கப் பழகிவிட்டோம். எனக்கு அது தாங்கவில்லை.

பாய்ந்துதான் ஆக வேண்டும் என்றால், தமிழில் தண்ணீரும் பாயும். எங்கள் ஊர் கடைமடை. மேலே மதகு திறந்து எத்தனையோ நாள் கழித்துத்தான் எங்கள் வாய்க்காலில் ஈரம் தெரியும். ராத்திரியெல்லாம் மண்வெட்டியோடு வரப்பில் உட்கார்ந்திருந்த என் அப்பா, தண்ணீர் வருகிற சத்தத்தை முதலில் காதால்தான் பிடிப்பார். அப்படிக் காத்திருக்கிறவர்கள் இந்த நாட்டில் எத்தனை பேர்! கொத்தடிமை முறையை ஒழிக்க 1976-இல் சட்டம் வந்தது. செங்கல் சூளைகளிலிருந்து இன்னும் குடும்பங்களை மீட்டுக்கொண்டிருக்கிறோம். மனிதக் கழிவை மனிதர் அள்ளக் கூடாது என்று 2013-இல் சட்டம் வந்தது. கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கி ஒருவர் மூச்சுத் திணறிச் செத்தால், இறக்கிவிட்டவர் மீது சட்டம் பாய்ந்தது என்று ஒரு தலைப்பையாவது பார்த்திருக்கிறீர்களா? அரசாங்கத்தின் கண்டிப்பு அங்கே தேவை. கடைமடை வரைக்கும் போய்ச் சேர வேண்டும்.

உங்கள் வழிப்பறிக்காரன் விஷயத்துக்கு வருகிறேன். போன வருடம் உயர் நீதிமன்ற வளாகத்தில் ஓர் அம்மாவைப் பார்த்தேன். மடியில் மஞ்சள் பை. பைக்குள் 'புக்லெட்', அதாவது தடுப்புக் காவல் உத்தரவோடு கொடுக்கிற கட்டு. தலையணை கனம் இருந்தது. "இதுல என்ன சார் எழுதியிருக்கு?" என்று என்னிடம் நீட்டினார். புரட்டினேன். நடுவில் ஒரு பக்கம் ஜெராக்ஸில் முழுக்கக் கறுத்து, ஓர் எழுத்துகூடத் தெரியவில்லை. மகன் மேல் செயின் பறித்த வழக்கு. உள்ளே போய் ஏழு மாதம் ஆகியிருந்தது. படிக்க முடியாத காகிதத்துக்கு எப்படிப் பதில் சொல்வது என்று அந்தக் கறுத்த பக்கத்தைக் காட்டித்தான் வக்கீல் ஆட்கொணர்வு மனுவில் ஜெயித்தார். பையன் வெளியே வந்துவிட்டான். அவன் பறித்தானா இல்லையா என்ற பேச்சே அந்த மனுவில் எழவில்லை.

செயின் வழக்கு என்ன ஆயிற்று என்று சென்ற வாரம் அந்த வக்கீலிடம் போனில் கேட்டேன். இன்னும் குற்றப்பத்திரிகையே தாக்கல் ஆகவில்லையாம். செயினைப் பறிகொடுத்த பெண் இரண்டு முறை ஸ்டேஷனுக்குப் போய் விசாரித்திருக்கிறார். ஆள் ஏற்கெனவே குண்டாஸில் உள்ளே போயாச்சே, இன்னும் என்னம்மா என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம்.