ரேடியேட்டருக்குப் போர் தண்ணி ஆகாது, நல்ல தண்ணி மட்டும் போதாது

“திருச்செங்கோடு பக்கம் எங்கள் லாரிக்குப் போர் தண்ணிதான் ஊற்றுகிறோம். உப்பும் துருவும் சேர்ந்து அடிக்கடி ஓவர்ஹீட் ஆகிறது. ரேடியேட்டர் தண்ணியில் கலக்கும் கூலன்ட் குளிர் ஊருக்குத்தானே? சேர்ந்ததை எப்படி எடுப்பது?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

சங்ககிரியில் லாரி இன்ஜின் வேலை பார்க்கிறேன். உப்பு வேறு, துரு வேறுங்க. போர் தண்ணியில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் சூடு அதிகமான இடத்தில், அதாவது சிலிண்டர் ஹெட்டிலும், பிஸ்டன் ஓடும் குழாயான லைனரின் வெளிப்பக்கத்திலும் வெள்ளையாகப் படியும். அப்புறம் அந்தச் சூடு தண்ணிக்கு இறங்காது. தண்ணி செந்நிறமாக வந்தால் இரும்பு அரிபடுகிறது என்று அர்த்தம். கோயம்புத்தூர்க்காரர்கள் சிறுவாணி இருக்கிறதே என்பார்கள். அதில் உப்பு அவ்வளவாகப் படியாது, சரி. துருவைத் தடுக்கவும் அதில் ஒன்றும் இல்லை.

கூலன்ட் உறையாமல் இருக்க மட்டும் என்று நினைக்காதீர்கள். நமக்கு வேண்டியது அதில் இருக்கும் துருத்தடுப்பு மருந்து. டீசல் லாரிக்கு இது உயிர்நாடி. லைனர் அதிரும்போது வெளிப்பக்கத் தண்ணியில் சின்னக் குமிழிகள் உண்டாகி உடையும். உடைகிற இடத்தில் ஊசியால் குத்தின மாதிரி குழி விழும். அதைத் தடுப்பதும் இந்த மருந்துதான். கழற்றிய லைனரை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள், பெரும்பாலும் ஒரு பக்கமாக மேலிருந்து கீழே அந்தக் குழிகள் வரிசையாகத் தெரியும். அது துளையாகிவிட்டால் தண்ணி ஆயிலில் இறங்கிவிடும்.

இருக்கிற உப்பை எடுக்க, இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு மூடியைத் திறந்து தண்ணியை வடித்துவிடுங்கள். தண்ணியில் ஆயில் மிதந்தால் முதலில் அதற்கான கிளீனரால் கழுவ வேண்டும். ஆயில் பிசுக்கு இருந்தால் உப்பில் ஆசிட் பிடிக்காது. பிறகு 10 லிட்டர் தண்ணிக்குக் கால் கிலோ சிட்ரிக் ஆசிட் கரைத்து ஊற்றி, தெர்மோஸ்டாட் (சூடானதும் ரேடியேட்டருக்குத் தண்ணி விடும் வால்வு) திறந்த பிறகும் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, ஆறியதும் வடித்து, தெளிந்த தண்ணி வரும்வரை அலசுங்கள். பாத்ரூம் ஆசிட் வேண்டவே வேண்டாம், அலுமினியத்தைத் தின்றுவிடும். பழைய ரேடியேட்டரில் உப்பே ஓட்டையை அடைத்திருக்கும், சுத்தம் செய்ததும் ஒழுகலாம்.

கடைசியாக, வண்டி கம்பெனி சொன்ன கூலன்ட்டை டிஸ்டில்ட் வாட்டரோடு பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். குறைந்தால் அதே கலவைதான், வழியில் கிடைக்கும் போர் தண்ணி இல்லை. வடித்த கூலன்ட்டை மண்ணில் கொட்டாதீர்கள். இனிப்பாக இருப்பதால் நாயும் ஆடும் நக்கும், குடித்தால் பிழைப்பது கஷ்டம்.