களவு என்று கேட்டதும்

கேள்வி: டி லா சோல் என்ற அமெரிக்க ராப் குழுவின் ஆல்பங்களைப் பல வருடங்கள் கழித்துத் திரும்பக் கேட்டேன். முதல் ஆல்பம் முன்போல் இனிக்கவில்லை. பிறர் பாட்டுகளைக் களவாடி ஒட்டியது என்பதால்தான் அதற்கு வயதாகிவிட்டதோ?

பதில்: வயதைப் பற்றி அப்புறம் பேசுவோம். முதலில் அந்தக் 'களவாடி'. பழைய பாட்டின் துண்டை எடுத்துப் புதுப் பாட்டில் சேர்க்கும் சாம்பிளிங்கைத் திருட்டு என்று சொல்கிறவர்களோடு இந்தப் பக்கத்தில் பலமுறை மல்லுக்கட்டியிருக்கிறேன், இன்னும் கட்டுவேன்.

தமிழில் களவு என்றால் திருட்டு மட்டுமா? ஊரறியாமல் இருவர் காதலிப்பதும் களவுதான். தொல்காப்பியத்தில் அதற்குத் தனி இயலே உண்டு. சொல்லைக் கேட்டதுமே தீது என்று எண்ணிவிடாதே, களவு நல்லதாகும் இடமும் உண்டு என்கிறது இறையனார் களவியல் உரை. கொடுக்க உரியவர்கள் கொடுத்து முறைப்படி கைப்பிடித்தால் அது கற்பு.

1989-இல் முதல் ஆல்பத்தில், நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டைச் சேர்ந்த டி லா சோலின் மூன்று இளைஞர்களும் தயாரிப்பாளர் பிரின்ஸ் பாலும் செய்தது இந்தக் களவுதான். பாடகர் ஓட்டிஸ் ரெட்டிங் அடித்த சீட்டியை எடுத்து ஸ்டீலி டான் குழுவின் பாட்டோடு சேர்த்து 'ஐ நோ' என்ற காதல் பாட்டைச் செய்தார்கள். அந்த இரண்டையும் சேர்த்துக் கேட்கலாம் என்று அதுவரை யாருக்குத் தோன்றியது? பழைய இசைத்தட்டுகளின் மேல் உயிரை வைத்திருப்பவனுக்குத்தான் எந்த நான்கு நொடி வேண்டும் என்று தெரியும்.

கொடுக்க உரியவர்கள் சும்மா இருப்பார்களா? டர்ட்டில்ஸ் என்ற அறுபதுகளின் குழுவினர் வழக்குப் போட்டார்கள். விஷயம் முதல் ஆல்பத்தில் ஒரு நிமிடம் ஓடும் துணுக்கு. பிரெஞ்சு மொழிப் பாடத் தட்டு ஒன்றின் குரலுக்கு அடியில் டர்ட்டில்ஸின் பாட்டை டி லா சோல் மெதுவாக்கி ஓடவிட்டிருந்தார்கள். அனுமதி வாங்கவில்லை. அது தப்புதான். பணம் கொடுத்து, நீதிமன்றத்துக்கு வெளியே முடித்துக்கொண்டார்கள். ஆனால் 1991 டிசம்பரில் பிஸ் மார்க்கி என்ற ராப்பருக்கு எதிரான சாம்பிளிங் வழக்கில் நியூயார்க் நீதிபதி தீர்ப்பைத் தொடங்கியதே பைபிள் கட்டளையோடு: 'களவு செய்யாதிருப்பாயாக'. அங்கேயும் உங்கள் சொல்! அதன் பிறகு ஒவ்வொரு துண்டுக்கும் முன் அனுமதி, ஒவ்வொன்றுக்கும் பணம். துண்டுகளை அடுக்கி அடுக்கிப் பாட்டு கட்டுவது கட்டுப்படியாகாத வேலையானது. '3 ஃபீட் ஹை அண்ட் ரைசிங்' என்ற அந்த முதல் ஆல்பம் போன வழியில் பின்னால் ஆள் வராமல் போனதால்தான் அது தனியாக, பழசாக நிற்பதுபோல் தெரிகிறது.

சரி, வயது. முதல் ஆல்பத்தில் வயதானது பாட்டுகளுக்கு நடுவே வரும் விளையாட்டுப் பேச்சு. அதில் வரும் வினாடி வினாவுக்கு முதல் தடவை சிரிப்பு வரும், பத்தாவது தடவை கை தானாக அடுத்த பாட்டுக்குப் போகும். இதில் உங்கள் கட்சி நான். 1991-இல் வந்த 'டி லா சோல் இஸ் டெட்' அப்படியல்ல. அதில் மில்லி என்ற சிறுமியைப் பற்றி ஒரு பாட்டு. அவளைச் சீரழிக்கும் அப்பா ஊருக்கு நல்லவர், கிறிஸ்துமஸ் தாத்தா வேடம் போடுகிறவர். அவள் சொல்வதை யாரும் நம்புவதில்லை. கடைசியில் அவள் கையில் துப்பாக்கி. இன்று கேட்கும்போது அன்றைவிட அதிகம் வலிக்கிறது.

என் மனதுக்கு நெருக்கமானது 1993-இன் 'பலூன் மைண்ட்ஸ்டேட்'. ராப் உலகம் துண்டு துண்டாக எடுத்துக்கொண்டிருந்த ஜேம்ஸ் பிரவுன் இசையில் சாக்ஸபோன் ஊதியவர் மேசியோ பார்க்கர். அவரையே நேரில் அழைத்து, ஒரு முழுப் பாட்டு நேரம் ஊதவைத்தார்கள். களவு கற்பான இடம் அது! 1996-இன் 'ஸ்டேக்ஸ் இஸ் ஹை' நல்ல ஆல்பம்தான், சக ராப்பர்களுக்கு உபதேசம் கொஞ்சம் கூடுதல்.

இந்த ஆல்பங்களைப் பல வருடங்கள் இணைய இசைச் சேவைகளில் கேட்க முடியவில்லை. சாம்பிள் அனுமதிகள் தட்டும் கேசட்டும் இருந்த காலத்தில் எழுதப்பட்டவை, இணையத்துக்குச் செல்லுபடியாகவில்லை. எல்லாம் தீர்ந்து வெளிவந்தது 2023 மார்ச் 3 அன்று. மூவரில் ஒருவரான ட்ருகாய், டேவிட் ஜோலிகோர், பிப்ரவரி 12 அன்றே இறந்துவிட்டார். மூன்று வாரம்கூட இல்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை.