ரோமில் ட்ரெவி தவிர, கூட்டமில்லாத பழைய நீரூற்று ஏதாவது உண்டா? எனக்கு அங்கே ஒரு நாள்தான் இருக்கிறது.

உண்டு. ஆமை நீரூற்று. பழைய யூதர் குடியிருப்பை ஒட்டி, பியாட்சா மத்தேயி என்ற சின்னச் சதுக்கத்தில் இருக்கிறது.

ஒரு நாள்தான் என்கிறீர்கள். அப்படியானால் குழுச் சுற்றுலாவில்தான் போகிறீர்கள் என்று நினைக்கிறேன். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நானும் ஒரு ஏப்ரலில் அம்மாவை அழைத்துக்கொண்டு அப்படித்தான் போனேன். அம்மாவுக்கு அப்போது 69 வயது, மூட்டு வலி வேறு. கொலோசியத்தை வெளியே நின்று பார்க்க 20 நிமிடம், ட்ரெவிக்கு அரை மணி. ட்ரெவியில் முன்னால் நின்ற கூட்டத்தில் அம்மாவுக்குத் தண்ணீரே தெரியவில்லை, சிலைகளின் தலைதான் தெரிந்தது. பேருந்துக்குத் திரும்ப ஐந்து நிமிடம் தாமதமாகிவிட்டது. குழுவை நடத்தியவர் மைக்கில், அத்தனை பேர் முன்னாலும், "ஒருத்தரால எல்லாருக்கும் லேட்" என்றார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வயதானவர்களிடம் முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு, அவர்கள் நடக்கும் வேகத்துக்கு ஒரு பத்து நிமிடம்கூட ஒதுக்காமல் அட்டவணை போடுவது என்ன நியாயம்? அதே அட்டவணையில் இந்தியச் சாப்பாட்டுக்கு மட்டும் ஒன்றரை மணி நேரம் இருந்தது.

அந்தச் சாப்பாட்டை விட்டுவிட்டோம். மாலை ஹோட்டலுக்கு நாங்களே வந்துவிடுகிறோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு இருவரும் கிளம்பினோம். இந்த நீரூற்றைப் பற்றி ஊரிலேயே படித்துக் குறித்து வைத்திருந்தேன்.

நாலு வெண்கல இளைஞர்கள். ஒவ்வொருவனும் டால்ஃபின் தலைமேல் ஒரு காலை வைத்து, ஒரு கையால் அதன் வாலைப் பிடித்திருக்கிறான். இன்னொரு கை மேல் தொட்டியின் விளிம்பில் ஓர் ஆமையை ஏற்றிவிடுகிறது. பார்த்த உடனே அம்மா, "தண்ணி குடிக்க ஏத்தி விடறான் பாரு" என்றாள். அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஆனால் அந்த ஆமைகள் முதலில் கிடையாது. ஜாக்கோமோ தெல்லா போர்த்தா 1580களில் வடிவமைத்து, தத்தேயோ லாந்தீனி வெண்கலத்தில் வார்த்தபோது, மேலேயும் நாலு டால்ஃபின்கள் வருவதாக இருந்தது. தண்ணீருக்கு அவ்வளவு அழுத்தம் இல்லை. மேல் டால்ஃபின்களை எடுத்து வேறொரு நீரூற்றுக்குக் கொடுத்துவிட்டார்கள். எழுபது வருடம் போல அந்தக் கைகள் எதையும் தாங்காமல் உயர்ந்தே நின்றன. 1658-59இல் பழுதுபார்த்தபோதுதான் ஆமைகளை வைத்தார்கள். செய்தது சிற்பி பெர்னினி என்று பொதுவாகச் சொல்வார்கள். அந்த வெறுங்கைகளைப் பார்த்து இந்த யோசனை தோன்றிய ஆளை நினைத்தால் எனக்கு இன்றும் உடம்பு சிலிர்க்கிறது.

மத்தேயி குடும்பத்துப் பிரபு ஒருவர் சூதாடித் தோற்று, மாமனாரைச் சமாதானப்படுத்த ஒரே இரவில் இதைக் கட்டினார் என்று கதை உண்டு. அடைத்துவிட்ட ஒரு ஜன்னலைக்கூடக் காட்டுவார்கள். நம்ப வேண்டாம், வேலை பல வருடம் நடந்தது. உண்மை என்னவென்றால், யூதர்கள் சந்தை கூடும் சதுக்கத்துக்கு என்று திட்டமிட்டதை மூத்சியோ மத்தேயி தன் வாசலுக்கு மாற்றிக்கொண்டார். பதிலுக்குச் சதுக்கத்துக்குக் கல் பாவி, நீரூற்றைச் சுத்தமாக வைத்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டார். 1555 முதல் சுவருக்குள் அடைக்கப்பட்டிருந்த மக்களுக்கு வர வேண்டிய தண்ணீர் அது. எனக்கு இது உறுத்துகிறது. பழைய விஷயம், விடுங்கள் என்பவர்கள் சொல்லட்டும்.

1979இல் ஓர் ஆமை திருடுபோனது. இப்போது நீங்கள் பார்ப்பவை நகல்கள், மிஞ்சிய மூலங்கள் கேபிடோலின் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. நகலைப் பார்க்க அவ்வளவு தூரம் போக வேண்டுமா என்று யாராவது கேட்பார்கள். போய்ப் பார்த்துவிட்டுக் கேட்கட்டும். ட்ரெவியைத் தாழ்த்துகிறேன் என்றும் சண்டைக்கு வர வேண்டாம். இரண்டுக்கும் ஒரே தண்ணீர்தான், கி.மு. 19இல் ரோமானியத் தளபதி அக்ரிப்பா கொண்டுவந்த 'அக்வா வெர்ஜினே' என்ற கால்வாயின் தண்ணீர்.

அம்மா ஒரு வீட்டு வாசல் படியில் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளை எழுந்திரு என்று சொல்ல அங்கே யாரும் இல்லை.

சரி, வழி. லார்கோ அர்ஜென்தினா நிறுத்தத்தில் இறங்கினால் அம்மாவின் நடைக்கே பத்து நிமிடம். அப்புறம் போர்த்திகோ தொத்தாவியா தெருவுக்குப் போங்கள். வாசல்களின் முன் தரையில் பெயர் பொறித்த பித்தளைக் கற்கள் இருக்கும், மிதிக்காமல் நின்று படியுங்கள். 1943 அக்டோபர் 16 அன்று நாஜிகள் பிடித்து ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்கு அனுப்பிய ஆயிரத்துக்கும் மேற்பட்ட யூதர்களில் திரும்பி வந்தவர்கள் 16 பேர். அதே தெருவில் யூதர் முறையில் முழுசாகப் பொரித்த ஆர்ட்டிசோக் என்ற பூமொட்டுக் காய் கிடைக்கும். சைவம்தான், அம்மா இரண்டு சாப்பிட்டாள்.

தண்ணீர் பாட்டில் வாங்க வேண்டாம். தெருவோர இரும்புக் குழாயின் வாயை விரலால் அடைத்தால், மேலே உள்ள சின்னத் துளை வழியாகத் தண்ணீர் பீறிடும். குனிய முடியாதவர்களும் நின்றபடியே குடிக்கலாம்.