சூப் காத்திருக்கும், சாண்ட்விச் காத்திருக்காது

வாசகர் கேள்வி – பதில்

கே: வீட்டருகே உள்ள சின்ன சூப் – சாண்ட்விச் கடையில் ஒருநாள் சூப் அருமையாக இருக்கிறது, இன்னொரு நாள் அதே சூப் உப்புக் கரிக்கிறது. சமையல்காரர் கைதான் காரணமா?

ப: பெரும்பாலும் நீங்கள் போகும் நேரம்தான் காரணம். இந்தக் கடைகளில் காலையில் ஒரே தடவையாகக் காய்ச்சிவிட்டு, 60 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்காமல் நாள் முழுக்கச் சூட்டில் வைத்திருப்பார்கள். அதற்குக் கீழே போனால் கிருமி பெருகும் என்பதால் வேறு வழியில்லை. ஆனால் அந்தச் சூட்டில் தண்ணீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும், உப்பு அப்படியே தங்கிவிடும். 10 லிட்டர் சூப் 8 லிட்டராகச் சுண்டினால் கரிப்பு கால் பங்கு கூடிவிடும். பாத்திரத்தின் உட்சுவரில் காய்ந்து ஒட்டிய வளையத்தைப் பாருங்கள். வளையத்துக்கும் சூப்புக்கும் இடையே நாலு விரல் இடைவெளி இருந்து, மேலே ஏடும் படிந்திருந்தால் அது வெகுநேரமாகச் சூட்டில் கிடக்கும் சூப். கொஞ்சம் வெந்நீர் விட்டுத் தரச் சொல்லலாம், தவறே இல்லை. அடியிலிருந்து துழாவி ஊற்றவும் சொல்லுங்கள்; காயும் பருப்பும் கீழேதான் தங்கும்.

எல்லா சூப்பும் ஒரே மாதிரி கெடுவதில்லை. பருப்பு, பீன்ஸ் சூப்புகள் மாலையில்கூட நன்றாகவே இருக்கும். பாஸ்தாவோ அரிசியோ போட்டது ஒரு மணி நேரத்திலேயே ஊதிக் கொழகொழத்துவிடும். க்ரீம் சேர்த்த தக்காளி சூப் கொதித்துவிட்டால், புளிப்பும் சூடும் சேர்ந்து திரிதிரியாகப் பிரியும். இந்த இரண்டு வகையையும் மதியக் கூட்டம் தொடங்குவதற்கு அரை மணி முன்பாகப் போய்ச் சாப்பிடுவதே நல்லது. உட்கார இடமும் கிடைக்கும்.

கே: சாண்ட்விச்சின் பாதியைச் சாப்பிடுவதற்குள் மீதிப் பாதி நைந்துவிடுகிறதே?

ப: வெட்டிய பக்கத்தைக் கவனியுங்கள். தக்காளி நேராக பிரெட்டைத் தொட்டுக்கொண்டிருந்தால் பத்தே நிமிடத்தில் அந்த இடம் இளஞ்சிவப்பாக ஊறிவிடும். வெண்ணெயை ஓரம்வரை தடவி, சீஸுக்கும் லெட்டூஸுக்கும் நடுவே தக்காளியை வைத்து, உப்பை மூடும்போது மட்டும் தூவுவதுதான் தெரிந்த கை செய்யும் வேலை. உப்பு முன்பே விழுந்தால் தக்காளி தண்ணீர் விட்டுவிடும்.

மீதித் தவறு நம்முடையது. டோஸ்ட் செய்த சாண்ட்விச்சைத் தட்டில் படுக்க வைத்தால் அடியில் நீராவி அடைந்து சொதசொதத்துப் போகும். இரண்டு பாதிகளையும் ஒன்றின்மேல் ஒன்று சாய்த்து நிறுத்தி வையுங்கள். சூப்பை முதலில் குடிக்கப் போய் நாக்கைச் சுட்டுக்கொள்வதில் பயனில்லை. அது ஐந்து நிமிடம் ஆறட்டும், அதற்குள் சாண்ட்விச்சில் முக்கால்வாசியை முடித்துவிடலாம். தொட்டுச் சாப்பிட ஆசையென்றால் கெட்டியான சூப்பில், பிரெட்டின் ஓரப் பகுதியை மட்டும் இரண்டு விநாடி முக்குங்கள். நடுப்பகுதி உடைந்து உள்ளேயே விழுந்துவிடும்.

கே: நான் சைவம். 'காய்கறி சூப்' என்று பலகையில் இருந்தால் நம்பலாமா?

ப: கேட்காமல் நம்பாதீர்கள். உள்ளே கிடப்பது காயாக இருந்தாலும் அடிச்சாறு கோழி ஸ்டாக்காக இருக்கலாம். "இதில் காய் போட்டிருக்கிறீர்களா" என்று கேட்டால் ஆமாம் என்றுதான் பதில் வரும். "எந்த ஸ்டாக்கில் காய்ச்சினீர்கள், ஸ்டாக் பொடியில் என்ன இருக்கிறது" என்று கேளுங்கள். சில சீஸ்களில், முக்கியமாக பார்மேசானில், கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட் (பாலைத் திரியவைக்கும் பொருள்) உண்டு.

கோதுமை ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இன்னும் கவனம் வேண்டும். சூப்பைக் கெட்டியாக்குவது பல நேரம் வெண்ணெயில் வறுத்த மைதாதான். பிரெட் வெட்டும் கத்தியும் டோஸ்ட் போடும் கல்லும் எல்லோருக்கும் பொது. இந்தக் கேள்விகளைக் கூட்டம் குறைந்த நேரத்தில் கேட்டால்தான் கடைக்காரரால் டப்பாவை எடுத்துப் பார்த்துச் சொல்ல முடியும்.

கே: இடம் பிடித்துவிட்டு ஆர்டர் கொடுப்பதா, கொடுத்துவிட்டு இடம் பிடிப்பதா?

ப: ஆறேழு மேசைதான் உள்ள கடையில் முதலில் வரிசையில் நில்லுங்கள். உங்கள் தட்டு வருவதற்குள் ஒரு மேசை காலியாகிவிடும். சாப்பிட்டு முடித்ததும் எழுந்துவிடுங்கள்.

கே: பார்சல் வாங்கினால் ருசியே இல்லையே?

ப: டோஸ்ட் வேண்டாம், சாதா பிரெட் சாண்ட்விச் வாங்குங்கள். அதைக் காகிதத்தில் சுற்றச் சொல்லுங்கள்; பிளாஸ்டிக்கில் வியர்த்துவிடும். சூப்பும் சாண்ட்விச்சும் ஒரே பையில் ஒட்டி இருக்கக் கூடாது. பாஸ்தாவைத் தனியாகக் கேட்டு வாங்கி, வீட்டில் கலந்துகொள்ளுங்கள். மிஞ்சிய சூப்பை அகலமான பாத்திரத்தில் இரண்டு அங்குல உயரத்துக்கு மேல் போகாமல் ஊற்றி, இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். ஆழமான டப்பாவில் நடுப்பகுதி வெகுநேரம் வெதுவெதுப்பாகவே கிடந்து கெட்டுவிடும். மறுநாள் தேவையான அளவை மட்டும் எடுத்து, நன்றாகக் கொதிக்கவிட்டுக் குடியுங்கள். க்ரீம் சூப்பை மட்டும் சிறுதீயில் கிளறிக்கொண்டே, ஆவி பறக்கும்வரை சூடாக்கி, கொதி வருமுன் இறக்கிவிடுங்கள்.