நரம்பு செல்லில் கால்சியம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சோடியம், கால்சியம் இரண்டு அயனிகளும் ஏறக்குறைய ஒரே அளவு. செல்லுக்கு வெளியே சோடியம்தான் கொட்டிக் கிடக்கிறது. அப்படியிருக்க, கால்சியம் சேனல் கால்சியத்தை மட்டும் எப்படித் தேர்ந்தெடுக்கிறது?

வந்த கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். செல்லின் சவ்வில் அயனிகளை உள்ளே விடும் புரதத் துளைதான் சேனல். அதைச் சல்லடையாக நினைத்துக்கொண்டால் விடை கிடைக்காது. இரண்டு அயனிகளின் ஆரமும் ஏறத்தாழ 0.1 நானோமீட்டர். வெளியே சோடியம் கால்சியத்தைவிடச் சுமார் நூறு மடங்கு அதிகம். ஆனாலும் இந்தச் சேனல் சோடியத்தைவிடக் கால்சியத்தை ஆயிரம் மடங்குக்கு மேல் விரும்பித் தேர்கிறது.

சேனலின் முக்கியப் புரதமான ஆல்ஃபா-1, ஒன்றையொன்று ஒத்த நான்கு பகுதிகள் கொண்ட ஒரே நீண்ட சங்கிலி. அந்த நான்கும் வட்டமாகக் கூடி நிற்க, நடுவில் துளை. துளையின் மிகக் குறுகிய இடத்தில் ஒவ்வொரு பகுதியிலிருந்தும் எதிர்மின்னேற்றமுள்ள ஒரு குளூட்டமேட் அமினோ அமிலம் நீட்டிக்கொண்டிருக்கிறது. ஆக, நான்கு எதிர்மின்னேற்றங்கள். இரட்டை நேர்மின்னேற்றம் உடைய கால்சியம் அங்கே இறுக ஒட்டிக்கொள்ளும். ஒற்றை மின்னேற்றமுள்ள சோடியத்தால் அதை அசைக்க முடியாது. அப்படியானால் கால்சியமே வழியை அடைத்துக்கொள்ளாதா? அடைத்துக்கொள்ளும், அடுத்த கால்சியம் வரும்வரை. அது பின்னால் வந்து சேர்ந்ததும் மின்விலக்கம் முன்னதை உள்ளே தள்ளிவிடும். இப்படியே நொடிக்குச் சுமார் பத்து லட்சம் அயனிகள் போகின்றன.

சோதனையில், வெளியே உள்ள கால்சியத்தை ஏறக்குறைய முழுவதும் அகற்றிவிட்டால் இதே சேனல் சோடியத்தைத் தாராளமாக உள்ளே விடுகிறது. துளையின் அளவு காரணமில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் சாப்பிடுகிறேன். அது கால்சியம் சேனலை அடைக்கும் மருந்தாம். நரம்பு செல்களுக்கும் அந்தச் சேனல்தானே வேண்டும்? மூளை மந்தமாகிவிடாதா?

பயப்பட வேண்டாம். மின்னழுத்தத்தால் திறக்கும் கால்சியம் சேனல்களில் ஆல்ஃபா-1 புரதத்துக்கு மட்டும் மனிதரிடம் 10 மரபணுக்கள் உள்ளன. அம்லோடிபின் குறிவைப்பது அவற்றில் எல் வகையை. நரம்பு முனையிலிருந்து நரம்புக்கடத்தியை (அடுத்த செல்லுக்குச் செய்தி கொண்டுபோகும் வேதிப்பொருளை) வெளியேற்றுவது பெரும்பாலும் பி/கியூ, என் வகைகளின் வேலை.

மூளையிலும் எல் வகை உண்டு. ஆனால் அது பெரும்பாலும் செல் உடலிலும், செய்தியை வாங்கும் கிளைகளான டென்ட்ரைட்டுகளிலும் இருக்கிறது. அதன் வழியே நுழையும் கால்சியம், கால்மோடுலின் என்ற புரதத்தைப் பிடித்து, உட்கருவில் மரபணுக்களை இயக்கும் செய்தியைத் தொடங்கிவைக்கும். அதையாவது மருந்து கெடுக்காதா என்றால், இந்த வகை மருந்துகள் சவ்வின் மின்னழுத்தம் நெடுநேரம் உயர்ந்திருக்கும் இடத்தில்தான் சேனலோடு வலுவாக ஒட்டுகின்றன. இரத்தக்குழாய்த் தசை அப்படிப்பட்ட இடம். நரம்பு செல்லின் துடிப்போ ஓரிரு மில்லிநொடியில் முடிந்துவிடும். மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

கால்சியம் மாத்திரை சாப்பிட்டால் நரம்பு பலப்படுமா?

இல்லை. இரத்தக் கால்சியத்தைப் பாராதைராய்டு ஹார்மோன் குறுகிய வரம்புக்குள் பிடித்துவைத்திருக்கிறது. இரத்தத்தில் கால்சியம் மிகவும் குறைந்தால் நரம்புகள் சோர்ந்துபோகும் என்றுதான் பலரும் எதிர்பார்ப்பார்கள். நடப்பது நேர்மாறு: சோடியம் சேனல்கள் எளிதாகத் திறந்துகொள்ள, நரம்புகள் தாமாகவே துடித்துக் கைகால் தசைகள் இழுத்துப் பிடிக்கும்.

நரம்பு முனையில் கால்சியம் பாதியாகக் குறைந்தால் செய்தியும் பாதியாகுமா?

அதைவிட மோசம். 1967-இல் டாட்ஜ், ரஹமிமோஃப் என்ற இரு ஆய்வாளர்கள் தவளையின் நரம்பு-தசைச் சந்திப்பில் வெளிக் கால்சியத்தை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். நரம்புக்கடத்தியின் வெளியேற்றம் கால்சியச் செறிவின் நான்காம் அடுக்கை ஒட்டிப் போனது. அதாவது கால்சியம் குறைவான நிலையில், அது மேலும் பாதியானால் வெளியேற்றம் பதினாறில் ஒரு பங்காகிவிடும். சினாப்டோடாக்மின் என்ற உணரிப் புரதத்தில் பல கால்சியங்கள் சேர்ந்து அமர்ந்தால்தான் நரம்புக்கடத்தியை அடைத்துவைத்திருக்கும் நுண்பை செல்லின் சவ்வோடு இணைந்து திறக்கிறது.

ஓய்விலிருக்கும் செல்லுக்குள் கால்சியத்தின் செறிவு சுமார் 100 நானோமோலார்தான் (ஆயிரம் நானோமோலார் ஒரு மைக்ரோமோலார்). திறந்த சேனலின் வாயருகே, சில பத்து நானோமீட்டர் தூரத்துக்குள் மட்டும், அது பல பத்து மைக்ரோமோலாருக்கு எகிறும். பை அந்தத் தூரத்துக்குள் காத்திருக்க வேண்டும். தள்ளி நின்றால் செய்தி கிடைக்காது.

லாம்பர்ட்-ஈட்டன் நோயில் இதன் விளைவைக் கண்ணால் பார்க்கலாம். உடலின் எதிர்ப்பொருள்களே பி/கியூ சேனல்களைத் தாக்கிக் குறைத்துவிட, தசைகள் தளர்கின்றன. பலருக்கு இதன் பின்னால் நுரையீரல் புற்றுநோய் ஒளிந்திருக்கும் என்பதால் அதையும் தேடுவார்கள். சிகிச்சையில் தரும் அமிஃபாம்ப்ரிடின், கால்சியம் சேனலைத் தொடுவதே இல்லை. பொட்டாசியம் சேனலை அடைத்து நரம்புத் துடிப்பை நீட்டுகிறது. மிச்சமிருக்கும் கால்சியம் சேனல்கள் கூடுதல் நேரம் திறந்திருக்கின்றன. எனக்கு மிகவும் பிடித்த மருந்துத் தந்திரங்களில் இது ஒன்று.

நரம்பு வலிக்கு கேபபென்டின் எழுதிக்கொடுத்திருக்கிறார்கள். அது காபா ஏற்பிகளில் வேலை செய்கிறது என்பது சரியா?

நரம்புகளை அடக்கும் நரம்புக்கடத்தியான காபாவைப் போல வடிவமைத்தார்கள், காபா ஏற்பிகளில் அது ஒட்டவில்லை. ஒட்டுவது கால்சியம் சேனலின் துணைப் புரதமான ஆல்ஃபா-2-டெல்டாவில். துளையை அது அடைப்பதில்லை. சேனல்கள் நரம்பு முனைக்குப் போய்ச் சேர்வதைக் குறைக்கிறது. அதனால் விளைவு மெதுவாகத் தெரியும். துளையையே அடைக்கும் வலி மருந்தும் உண்டு: ஒரு கூம்பு நத்தையின் நஞ்சில் உள்ள 25 அமினோ அமிலப் பெப்டைடிலிருந்து வந்த சிகோனோடைட். 2004-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. என் வகையை அடைக்கும். தண்டுவடத் திரவத்துக்குள் நேரடியாகச் செலுத்த வேண்டும் என்பதால் கடும் வலிக்கு மட்டுமே.

சிஏசிஎன்ஏ1ஏ என்ற ஒரே மரபணுவால் மூன்று வெவ்வேறு நோய்கள் வருமாமே?

வரும். பி/கியூ சேனலின் மரபணு அது. சேனல் வழக்கத்தைவிட எளிதாகத் திறக்கும்படி ஒரு அமினோ அமிலம் மாறினால், ஒரு பக்கம் செயலிழக்கும் குடும்ப ஒற்றைத் தலைவலி. சேனலின் வேலையே குறைந்துபோனால், விட்டுவிட்டு வரும் தள்ளாட்டம். இதற்குப் பலரிடம் அசெட்டசோலமைடு என்ற மருந்து பலன் தருகிறது. மூன்றாவதில் புரதத்தின் வால்பகுதியில் குளூட்டமின் என்ற அமினோ அமிலத்தின் தொடர் 20 அல்லது அதற்கு மேல் நீள்கிறது. சிறுமூளை மெல்லத் தேய்ந்து, நடுத்தர வயதில் நடை தடுமாறத் தொடங்கும். பரிசோதனை அறிக்கையில் மரபணுவின் பெயரை மட்டும் பார்த்து இணையத்தில் தேடினால் குழப்பம்தான் மிஞ்சும். எந்த இடத்தில் என்ன மாற்றம் என்று கீழே எழுதியிருக்கும் வரியை மருத்துவரிடம் கேட்டுப் படியுங்கள்.