திறந்த மூல மென்பொருளில் பல இடங்களில் பயன்படும் பொதுவான டேட்டா ஸ்ட்ரக்சரை (தரவை அடுக்கி வைக்கும் கட்டமைப்பை) எப்படி வடிவமைத்தால் நிரலைப் பராமரிப்பது எளிதாகும்?

இதை எழுத உட்காரும் பலர் முதலில் யோசிப்பது, இன்னும் என்னென்ன வசதி சேர்க்கலாம் என்பதைத்தான். நான் கேட்கச் சொல்வது வேறு கேள்வி: உள்ளே வைக்கும் தரவைப் பற்றி இந்தக் கட்டமைப்புக்கு எவ்வளவு குறைவாகத் தெரிந்தால் போதும்?

லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில் உள்ள லிங்க்ட் லிஸ்ட்டை, அதாவது ஒன்றோடொன்று கோக்கப்பட்ட பட்டியலைப் பாருங்கள். அதன் 'லிஸ்ட் ஹெட்' ஸ்ட்ரக்டில் (பல மதிப்புகளைச் சேர்த்து வைக்கும் தொகுப்பில்) இருப்பவை இரண்டே பாயின்டர்கள், அதாவது மெமரி முகவரிகள்: அடுத்தது, முந்தையது. தரவுக்கு அதில் இடமே கிடையாது. பட்டியலில் சேர வேண்டிய ஸ்ட்ரக்ட்தான் இதைத் தனக்குள் ஓர் உறுப்பாக வைத்துக்கொள்கிறது. அந்த உறுப்பின் முகவரியிலிருந்து முழு ஸ்ட்ரக்டின் முகவரியை 'கன்டெய்னர் ஆஃப்' என்ற மேக்ரோ (கம்பைல் செய்யும்போது நிரலாக விரியும் சுருக்கம்) கணக்கிட்டுத் தந்துவிடும். பட்டியலுக்கு ஒன்றாக இப்படி உறுப்பு வைத்தால், ஒரே பொருள் ஒரே சமயத்தில் பல பட்டியல்களில் இருக்கலாம். சேர்க்கும்போது தனியாக மெமரி ஒதுக்க வேண்டியதில்லை என்பதால், மெமரி இல்லாமல் சேர்ப்பு தோற்றுப்போகும் பேச்சுக்கே இடமில்லை. எனக்கு மிகவும் பிடித்த வடிவமைப்பு இது.

பராமரிப்புக்கு என்ன லாபம்? பட்டியலிலிருந்து ஒன்றை நீக்கினால், அதன் பாயின்டர்களில் வேண்டுமென்றே செல்லாத முகவரிகள் எழுதப்படும். நீக்கியதன் வழியாக யாராவது பட்டியலைத் தொடர முயன்றால் பிழை அங்கேயே வெளிப்பட்டுவிடும். இந்தப் பாதுகாப்பை ஒரே இடத்தில் எழுதினார்கள். பலன் கெர்னல் முழுவதற்கும். முன்பின் தெரியாதவர்கள் பேட்ச் (நிரல் திருத்தம்) அனுப்பும் திட்டங்களில் இது பெரிய நிம்மதி. ரிவ்யூ செய்பவர் வன்பொருளை இயக்கும் ஒவ்வொரு டிரைவரிலும் புதிதாக ஒரு பட்டியலைப் படித்துப் புரிந்துகொள்ள வேண்டாம்.

ஆனால் பொதுவானதில் குறை இருந்தால் அதுவும் எல்லா இடத்துக்கும் போகும். இதே பட்டியலைச் சுற்றிவரும் மேக்ரோவுக்கான மாறியை, பழைய சி மொழித் தரத்தில் லூப்புக்குள் அறிவிக்க முடியாததால், வெளியேதான் அறிவிக்க வேண்டியிருந்தது. லூப் முழுதாக முடிந்த பிறகும் சிலர் அந்த மாறியைப் பயன்படுத்தினார்கள். அப்போது அது சுட்டுவது பட்டியலில் உள்ள உண்மையான பொருளையே அல்ல. 2022இல் இதைப் பற்றி எழுந்த விவாதம்தான், 5.18 பதிப்பில் கெர்னல் 1989ஆம் ஆண்டு சி தரத்தை விட்டு 2011 தரத்துக்கு மாறக் காரணமானது.

எல்லாவற்றையும் பொதுவாக்க வேண்டும் என்பதும் இல்லை. கெர்னலின் ரெட்-பிளாக் ட்ரீயில் (வேகமாகத் தேடுவதற்காகத் தன்னைச் சமன்செய்துகொள்ளும் மர வடிவக் கட்டமைப்பில்), மரத்தைச் சமன்செய்யும் கடினமான வேலை மட்டும் நூலகத்துக்கு. தேடும் லூப்பை நீங்களே எழுதிக்கொள்ளலாம். ஒவ்வொரு ஒப்பீட்டுக்கும் கால்பேக்கை (நீங்கள் நூலகத்துக்குக் கொடுக்கும் ஃபங்ஷனை) அழைக்கும் செலவு மிச்சம். உங்கள் ஃபங்ஷனில் ஒரே ஒரு பயனருக்காக ட்ரூ, ஃபால்ஸ் அளபுரு சேர்க்க நேர்ந்தால், அந்த வேலையை அவர் பக்கமே விட்டுவிடுங்கள். தேவை மூன்று இடங்களில் தெரியும்வரை பொதுவாக்காமல் காத்திருப்பதும் நல்லது.

அப்புறம், கட்டமைப்பை அறிவிக்கும் ஹெடர் ஃபைலின் மேலேயே இரண்டு விஷயங்களை எழுதி வையுங்கள்: மெமரியை விடுவிப்பது யார், ஒரே சமயத்தில் இருவர் மாற்றாமல் தடுக்கும் லாக் எடுப்பது யார். கெர்னல் பட்டியலில் இரண்டுமே அழைப்பவரின் பொறுப்பு. உங்கள் கட்டமைப்பில் எப்படி என்பதைப் புதிதாக வருபவர் நிரலைத் துருவிக் கண்டுபிடிக்கும்படி விடாதீர்கள்.