'போர்டு' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ஏன் இத்தனை அர்த்தம்?

வகுப்பில் எழுதுவதும் போர்டு, கம்பெனியை நடத்தும் குழுவும் போர்டு, விமானத்தில் ஏறுவதும் போர்டிங். எப்படி?

அடிப்படை அர்த்தம் பலகைதான். இடைக்கால இங்கிலாந்தில் சாப்பாட்டு மேசை என்பதே தாங்கிகளின் மேல் எடுத்து வைத்த நீளப் பலகை. சாப்பிட்டு முடிந்ததும் கழற்றிச் சுவரோரம் சாத்திவிடலாம். அதனால் பலகை மேசையானது, அப்புறம் மேசைக்கு வரும் சாப்பாடும் ஆனது. நம் ஊரில் 'இலை போட்டாச்சு' என்றால் யாரும் வாழையிலையைத் தின்னப் போவதில்லையே, அதே கதை. மேசையைச் சுற்றி உட்கார்ந்து முடிவெடுத்தவர்களுக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. நாம் மின்வாரியம், தேர்வு வாரியம் என்பதெல்லாம் இந்த போர்டுதான்.

சரி, விமானம்? அது கப்பல் வழி வந்தது. கப்பலின் பக்கவாட்டையும் போர்டு என்றார்கள். அதைத் தாண்டி உள்ளே போனால் 'ஆன் போர்டு'. ரயிலும் விமானமும் வந்த பிறகும் சொல் மாறவில்லை.

பஸ் ஸ்டாண்டு பக்கம் பழைய ஓட்டல் வாசலில் 'போர்டிங் அண்ட் லாட்ஜிங்' என்று எழுதியிருக்கும். போர்டிங் என்றால் தங்குவது என்றே பலர் நினைக்கிறார்கள். தங்குவது லாட்ஜிங், போர்டிங் என்பது சாப்பாடு.